எல்லாமே வெள்ளைதான்

டிசம்பர் 12, வெள்ளி

கண்ணீர் அஞ்சலி!

மதுரை கூடல்நகர் மூன்றாம் தெரு, கீழ்த்தளத்து வீட்டில் நான்கு சுவர்களிலும் பரவி, பல்லாண்டு காலம் எங்களோடு வாழ்ந்து வந்த திருவாளர் வெள்ளை அவர்கள், இன்று மாலை காபி வேளையில், அப்பா பெயின்ட் கடை ஷேட் கார்டைப் பிரித்த கணத்தில் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெருங்கூட்டமே வந்து நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே முகம். இப்படிக்கு, வருந்தும் பரிதி, பதினொன்றாம் வகுப்பு, பெயின்டுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத உயிரியல் பிரிவு.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அடிப்பதுதான். ஆனால் என் அப்பா வெள்ளையை அடிப்பதற்கு முன் ஆராய்ச்சி செய்கிறார். அந்த ஷேட் கார்டு கல்யாண ஆல்பத்தைவிடத் தடிமன். மார்னிங் மிஸ்ட், கோகனட் டியூ, ஓல்டு லேஸ், ஆல்மண்ட் விஸ்பர். பாதாம்பருப்பு எப்போது, யார் காதில் கிசுகிசுத்தது? இப்படிப் பெயர் வைப்பதற்கென்றே எங்கோ ஒருவன் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறான். நான் பெரியவனானதும் அவன் நாற்காலியைத்தான் பிடிப்பேன்.

"எல்லாமே வெள்ளைதானப்பா" என்றேன்.

"ஒனக்குக் கண்ணு அம்புட்டுதான்டா" என்றார், ஒரு சதுரத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி. வைரம் பார்க்கும் சேட்டு மாதிரி.

டிசம்பர் 13, சனி

எதிர்காலத்தில் இந்த டைரியை ஆராயப்போகும் அறிஞர்களுக்காக, வீட்டின் அரசியல் நிலவரம்.

எங்கள் வீட்டில் இரண்டு நாடுகள். ஹால், அப்பாவின் நாடு. தலைநகரம் சோபா. சமையல்கட்டு, அம்மாவின் நாடு. சோபாவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஆறடி இருக்கும். இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதால், அந்த ஆறடியில் தூதராகப் பணியாற்றுவது அடியேன். இன்றைய உச்சிமாநாடு:

"பரிதி, உங்கப்பாட்ட கேளு, தோசையா சப்பாத்தியான்னு."

"அப்பா, தோசையா சப்பாத்தியா?"

"எதுனாலும் சரின்னு சொல்லு."

"எதுனாலும் சரியாம்மா."

"எதுனாலும்னு ஒரு பலகாரம் என் அடுப்புல கெடையாதுன்னு சொல்லு."

நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அப்பா, "சரி, தோசைன்னே சொல்லு" என்றார். அவசரக்காரர். தூதருக்கு வேலை வைக்கக்கூடத் தெரியவில்லை.

காரணம் ஓசூர். வங்கியில் அப்பாவுக்கு மேனேஜர் ப்ரமோஷன் வந்திருக்கிறது, ஓசூர் கிளைக்கு. ஆபீஸ் முழுக்க அல்வா கொடுத்த மனிதர் வீட்டில் மட்டும் மூச்சுவிடவில்லை. அப்பாவுடன் வங்கியில் வேலை பார்ப்பவரின் மனைவி, காய்கறிக் கடையில் அம்மாவைப் பிடித்து, "ஓசூர்ல குளிரு ஜாஸ்தியாமே, ஸ்வெட்டர் எடுத்தாச்சா டீச்சர்?" என்று கேட்க, அம்மா கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். அம்மா இங்கே பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளால் ஓசூருக்கெல்லாம் வர முடியாது. அன்றைக்கு முறிந்ததுதான் பேச்சு.

இந்த மாதக் கடைசிக்குள் அப்பா வங்கிக்கு 'வருகிறேன்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "பெயின்ட் வேலைய முடிச்சுக் குடுத்துட்டுதான்டா எதுனாலும்" என்று என்னிடம் சொன்னார். அதாவது சுவர் காய்ந்தால் பெட்டி கட்டுவார். எனக்கென்ன? அவர் போனால் டிவி ரிமோட் முழுக்க எனக்கு. வாழ்க ஓசூர்!

தூதருக்குச் சம்பளம் கிடையாது. அதனால் செய்தியில் கொஞ்சம் மசாலா சேர்த்துக்கொள்கிறேன். "பேப்பர் திருத்துற கண்ணு, கூசாத கலரா பாக்கச் சொல்லு உங்கம்மாவ" என்றார் அப்பா. நான் போய், "அம்மா, ஒனக்கு வயசாயிருச்சாம். கண்ணு போச்சாம். கலரெல்லாம் ஒனக்குத் தெரியாதாம்" என்றேன். அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் போல. பெரிய டீச்சராம்! ஒரே வரியில் கவிழ்த்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பெயின்டர் காஜா அண்ணன் வந்து ஹால் சுவரில் ஐந்து இடத்தில் சாம்பிள் அடித்துவிட்டுப் போனார். ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் வேறாம், அதனால் சன்னலோரம் ஒன்று, கதவோரம் ஒன்று, டிவிக்கு மேலே ஒன்று என்று சிதறடித்துவிட்டார். பழைய டவுசருக்கு ஒட்டுப் போட்டதுபோல் நிற்கிறது சுவர். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் நம்பர்.

அந்த ஐவருக்கும் கடைக்காரன் வைத்த பெயர்களை ரத்து செய்து நானே பெயர் சூட்டினேன்:

ஒன்று, இட்லி. இரண்டு, மோர் (சன்னலோரம்). மூன்று, மூன்று மாதம் துவைத்த பனியன். நான்கு, ரோஸ் பல்பொடி கரைத்த தண்ணீர் (கதவோரம்). ஐந்து, ஆறிப்போன பால்.

"சார், மூணாம் நம்பர அடிங்க, அப்புறம் என்னைய நெனைப்பீங்க" என்றார் காஜா அண்ணன்.

"அண்ணே, மூணாம் நம்பரு எந்த வீட்டுல அடிச்ச மிச்சம்?"

"ஏய், ஒனக்கு வாயி ரொம்ப நீளம்யா" என்று ப்ரஷ்ஷால் என் மூக்கில் ஒரு பனியன் வைத்தார். ஆனால் மறுக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

அரையாண்டுத் தேர்வு, வேதியியல். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். உப்பும் தண்ணீரும் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் அடிஷனல் ஷீட் வாங்கியிருப்பேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

கண்காட்சிக்கு அனுமதி இலவசம்.

அம்மா சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும், அப்பா வருவதற்குள், சுவரைப் பார்க்கிறாள். பார்க்கவில்லையாம், ஒட்டடை அடிக்கிறாளாம். நல்ல வெயில் சன்னல் வழியாக உள்ளே விழுகிற நேரம். திருத்தாத விடைத்தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பட்டையின்மேலும் வைத்து, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து… ஒரு சுவருக்கு மார்க் போடுகிற ஒரே டீச்சர் உலகத்தில் இவள்தான். கடைசியில், "ரெண்டுன்னு சொல்லு உங்கப்பாட்ட" என்றாள்.

அப்பா இரவு டியூப்லைட்டில் பார்க்கிறார். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, பிறகு கைக்குட்டையால் பட்டையைத் துடைத்து. அம்மா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். "ரெண்டுதான்டா. கண்ணுக்குக் குளுமையா இருக்கு. உங்கம்மாட்ட சொல்லிரு" என்றார்.

இரண்டு பேருமே இரண்டு.

அவ்வளவுதானா? இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டு இரண்டே நாளில் முடிவா? நாளைக்குப் பெயின்ட் வாங்குவார்கள், இந்த வாரமே அடித்து முடிப்பார்கள், அப்புறம் பெட்டி. சுவாரசியமே இல்லாத மனிதர்கள்.

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

டிசம்பர் 17, புதன்

இன்று இந்தியத் துணைக்கண்டத்தின் மிகச் சிறந்த குறும்பை அரங்கேற்றினேன். ஆயுதம்: ஒரு ரப்பர், ஒரு பென்சில்.

சன்னலோரத்து மோருக்கு இரண்டு, கதவோரத்துப் பல்பொடிக்கு நான்கு என்பது அம்மா கண்ட உலகம். அப்பா வருவதற்குச் சற்று முன்னால் இரண்டையும் அழித்து, மாற்றி எழுதினேன். மோர் நான்கு, பல்பொடி இரண்டு. அப்பா சோபாவில் உட்கார்ந்தபின் அம்மா ஹால் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. காலையில் அவளுக்குச் சுவரை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லை. அப்பா ஆபீஸ் போனதும் பழையபடி மாற்றிவிட்டுத் தேர்வுக்குப் போவேன். அம்மா பள்ளியிலிருந்து வரும்போது அவள் உலகம் அப்படியே இருக்கும்.

அம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"டேய், நான் ரெண்டுன்னுல்ல சொன்னேன்?"

"இல்லப்பா. நாலுன்னீங்க."

"நாலா?"

"சன்னலோரம்னீங்க. நாலுன்னீங்க."

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "ஆமா… நாலுதான் போல." இவரை நம்பி ஒரு கிளையையே ஒப்படைக்கப்போகிறது வங்கி.

அம்மா இறங்கி வந்த பிறகு நடந்ததுதான் நாடகம். சமையல்கட்டு: "ரெண்டுன்னு சொல்லு." சோபா: "நாலுன்னு சொல்லு." அம்மாவின் உலகத்தில் நான்கு என்றால் பல்பொடி. அப்பாவின் உலகத்தில் இரண்டு என்றால் பல்பொடி. ஆக இரண்டு பேரும், மற்றவருக்கு ரோஸ் பல்பொடி கலர் பிடித்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிடித்தது ஒரே கலர், அதுவும் இவர்களுக்குத் தெரியாது! எல்லா வெள்ளையும் ஒன்றுதான் என்ற என் கொள்கை விஞ்ஞானப்பூர்வமாக நிரூபணம். எதற்காகச் செய்தேன்? வேடிக்கைக்காகத்தான். வேறெதற்கு?

டிசம்பர் 18, வியாழன்

காஜா அண்ணன் போன் செய்தார். "தம்பி, கலரு முடிவாச்சா?" அப்பா நாலு, அம்மா ரெண்டு, இன்னும் முடிவாகவில்லை என்றேன். "மூணாம் நம்பர…" கட் செய்துவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

சாயங்காலம் அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள், நல்ல சத்தமாக:

"கலரு கலருன்னு என்னைய எதுக்குக் கேக்குறாரு? சொல்லாம கொள்ளாம போறவருக்கு இந்த வீட்டுச் சொவரு எதுக்கு? ஓசூர்லயே ஒரு சொவரப் பாத்துக்கச் சொல்லு."

நான் ஆறடி நடந்தேன். மசாலா சேர்ப்பது என் தொழில் என்றாலும், இன்றைக்கு என்னவோ சோம்பலாக இருந்தது. "அம்மா யோசிச்சுச் சொல்லுதாம்ப்பா" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்த அப்பா பாதியில் கையை உதறிவிட்டு எழுந்தார். ரசத்தில் உப்பு ஏறிவிட்டது போல. நான் சாப்பிட்டபோது சரியாகத்தான் இருந்தது. எப்படியோ, ஒரு பெரிய போரைத் தனியாளாக நின்று தடுத்தேன். இந்த டைரியைத் தவிர வேறு எந்த நாயும் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் நாள். ஆபத்து. காலையிலேயே ஈரப் போர்வைகளை ஹாலில் கயிறு கட்டிக் காயப்போட்டு, சன்னலோரத்தையும் கதவோரத்தையும் மறைத்துவிட்டேன். "மொட்டைமாடி என்னாச்சு?" என்றாள் அம்மா. குரங்கு என்றேன். கூடல்நகரில் குரங்கு வந்ததாக வரலாறு இல்லை. ஆனால் கணக்கு டீச்சருக்கு வரலாறு தெரியாது.

டிசம்பர் 22, திங்கள்

அப்பா போனில் யாரிடமோ: "ஆமா சார். போயிரலாம்னுதான். இங்க இருந்து என்ன பண்ண?"

தாவரவியல் படிக்கவேண்டும். படிக்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வு முடிந்தது. மனிதர்களைப் பற்றிய என் தாழ்ந்த அபிப்பிராயம் இன்னும் ஒரு படி தாழ்ந்தது.

சாயங்காலம் அம்மா கதவோரத்தில் போய் நின்று, பல்பொடியை ஏற இறங்கப் பார்த்தாள். பல்வலிக்காரன் மாதிரி முகம். "கருமம். இதப் போயி எப்படித்தான் புடிச்சுதோ" என்றாள் தனக்குள். பிறகு, "விடு. வாரத்துக்கு ஒரு நா வந்து உக்காரப்போற மனுசன், கண்ணுக்குப் புடிச்சதப் பாத்துக்கிட்டு உக்காரட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே விடைத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரவு அப்பா, நம்பர் மாறிய அதே பல்பொடிக்கு முன்னால், சமையல்கட்டுக்குக் கேட்காத குரலில்: "இது என்னடா மிட்டாய்க் கடை மாதிரி இருக்கு." பட்டையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "சரி போ. நாள் பூரா இதுக்குள்ள இருக்கப்போறவ அவதான?" என்றார். என்னிடம் அல்ல. சுவரிடம்.

ஒருவருக்கும் பிடிக்காத கலரை, ஒருவருக்காக ஒருவர், வீடு முழுக்க அடித்துக்கொள்ளப் போகிறார்கள். இதைவிட முட்டாள்தனமான குடும்பம் இந்தத் தெருவில் உண்டா? சாப்பிட்டுக்கொண்டிருந்த பரோட்டாவைப் பாதியில் மூடி வைத்தேன். ஆறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸுக்கு வங்கி விடுமுறை என்பதை மறந்த ஒரே காரணத்தால் ஒரு மாபெரும் சாம்ராஜ்யம் இன்று சரிந்தது.

நான் எழும்போதே காஜா அண்ணன் ஏணியோடு ஹாலில் நின்றார். நேற்று இரவு அப்பாவுக்காக மாற்றி எழுதிய நம்பர்கள் அப்படியே சுவரில் இருந்தன. ரப்பர் என் மேசையில் இருந்தது. நான் போர்வைக்குள் இருந்தேன்.

"சார், இன்னிக்காவது சொல்லுங்க. பொங்கலுக்கு ஊருபட்ட வேலை கெடக்கு."

"ரெண்டு அடிச்சிருங்க காஜா" என்றார் அப்பா சோபாவிலிருந்து.

"நாலு அடிங்க காஜா" என்றாள் அம்மா சமையல்கட்டிலிருந்து, அதே மூச்சில்.

காஜா அண்ணன் தலையைச் சொறிந்தார். "தம்பி போன்ல சொன்னப்ப சாரு நாலு, டீச்சரு ரெண்டு. இப்ப சாரு ரெண்டு, டீச்சரு நாலா? ஒரு சொவத்துக்கு ஒரு கலருதான் சார் அடிக்க முடியும்."

அம்மா கரண்டியோடு எல்லையைத் தாண்டி ஹாலுக்குள் வந்தாள். நேரே பல்பொடிக்கு முன்னால் போய் நின்றாள். கீழே பார்த்தாள். 'இரண்டு' என்றிருந்தது. சன்னலைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள்.

"நான் கேட்டது சன்னலோரம்" என்றாள்.

"சன்னலோரம் நாலு. அதத்தான நான் கேட்டேன்?" என்றார் அப்பா.

"நீங்க கேட்டது இந்த ரோஸு!"

"ரோஸா? நானா? ஒனக்குப் புடிக்குதுன்னுல்ல நான்…"

"எனக்கா? இந்தக் கருமமா?"

நான் நடுவில் இல்லாமல், நேருக்கு நேராக, முகத்தைப் பார்த்து. ஒரு மாதமாக ஓடாத வண்டி உதைத்துக்கொண்டு கிளம்புவது மாதிரி இருந்தது. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அம்மா குனிந்து சுவரை விரலால் தடவினாள். ரப்பரால் அழித்து அழித்து அங்கே ஒரு கறுப்பு மேகம். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒற்றுமையை இந்த வீட்டில் நான் பார்த்துப் பல நாள் ஆகிவிட்டது.

"பரிதி, இங்க வா" என்றாள் அம்மா.

"நான் சும்மா வெளாட்டுக்கு…"

"வெளாட்டா? நாலுன்னு சொல்லி என்னையவே நம்ப வச்சுட்டியேடா! நான் ராத்திரி பூரா யோசிச்சேன், எனக்கு ஞாபகம் தப்பிருச்சோன்னு!" என்றார் அப்பா.

"கொரங்கு வருதாம், கொரங்கு. ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றாள் அம்மா.

இருவரும் மாறிமாறித் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். பாட்டுக் கச்சேரி மாதிரி தாளம் தப்பாமல். கடைசியில் நான் என் பெருமையைக் காப்பாற்ற ஒரு தவறு செய்தேன். "நான் மட்டும் இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் எப்பவோ அடிச்சுக்கிட்டிருப்பீங்க. நான்தான் செய்தியை எல்லாம் மாத்திச் சொல்லிச் சமாளிச்சேன்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"டேய், சமையக்கட்டுக்கும் சோபாவுக்கும் ஆறடிடா. நாங்க என்ன செவிடா?" என்றார் அப்பா.

"உங்கப்பா சொன்னதும் கேட்டுச்சு. நீ வந்து சொன்னதும் கேட்டுச்சு. கண்ணு போச்சுன்னு நீ சொன்னப்ப சிரிப்ப அடக்க முடியாம நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றாள் அம்மா.

"யோசிச்சுச் சொல்லுதாம்னு சொன்னியே, அதுவும்…" என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திவிட்டார். ஓசூர்லயே ஒரு சுவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லு என்றது அவர் காதில் அப்படியே விழுந்திருக்கிறது. ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கும் அது புரிந்தது. கரண்டியை டிவிமேல் வைத்தாள்.

"கோவத்துல சொன்னேன்" என்றாள்.

"சொல்ல வேண்டியதுதான். நான் சொல்லாம விட்டேன்ல. கழுத்து வரைக்கும் வந்துச்சு மரகதம். ரெண்டு தடவ வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சு. இந்தத் தடவ போகணும்னு ஆசையா இருந்துச்சு. அதச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

"நான் போகாதீங்கன்னு சொல்லிருவேன்னு நீங்களே முடிவு பண்ணீட்டீங்க. எங்கிட்டக் கேக்கவே இல்ல. மூணாவது தடவையும் எழுத விட்டுருவேனாக்கும்?"

காஜா அண்ணன் இத்தனை நேரமும் ஏணியில் ஏறி நின்று, கூரையில் ஏதோ விரிசலைத் தேடுவதாக நடித்துக்கொண்டிருந்தார். இப்போது மெல்ல, "டீச்சர்… கலரு?" என்றார்.

"சன்னலோரம்!" என்றார்கள் இரண்டு பேரும்.

"அதுக்கு மூணாம் நம்பரு…"

"காஜா!"

டிசம்பர் 27, சனி

தண்டனை: உப்புத்தாள். நான்கு சுவர்களையும் நானே தேய்க்க வேண்டுமாம். பழைய வெள்ளை என் தலைமுடி, புருவம், காது, டீத்தம்ளர் எல்லாவற்றிலும் இருக்கிறது. காஜா அண்ணன் ஏணிமேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, "நல்லா அமுக்கித் தேயி தம்பி, வாயி மட்டும்தான் பலமா இருக்கு" என்கிறார். இந்த மனிதருக்கு எதற்குக் கூலி?

டிசம்பர் 29, திங்கள்

முதல் கோட். மோர்.

டிசம்பர் 31, புதன்

அப்பா 'வருகிறேன்' என்று எழுதினார். அம்மா வாங்கிப் படித்து, சிவப்புப் பேனாவில் ஒரு கமா போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி இன்னொரு தடவை எழுத வேண்டும். இரண்டு பேரும் சோபாவிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். தூதரகம் மூடப்பட்டது. இப்போதெல்லாம் தோசையா சப்பாத்தியா என்பதைக்கூட நேரடியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். என் வழியாகக் கேட்டபோது எவ்வளவு சுவையாக இருந்தது! இப்போது வெறும் தோசை.

ஜனவரி 4, ஞாயிறு

மாட்டுத்தாவணியில் அப்பாவை ஓசூர் பஸ் ஏற்றிவிடப் போனோம். அம்மா முறுக்கும் ஸ்வெட்டரும் கொடுத்தாள். பத்திரம், போனதும் போன் பண்ணுங்க, வெந்நீர்ல குளிங்க, எல்லாம் அவளே சொன்னாள். என் வழியாக ஒன்றும் வரவில்லை. பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போனாள்.

அப்பா பஸ் சன்னல் வழியாகக் குனிந்து, "நீ ஒண்ணும் சொல்லலையேடா" என்றார்.

இத்தனை நாள் இந்த வீட்டில் எல்லோருடைய செய்தியையும் சுமந்தவன் நான். என்னிடம் என் செய்தி என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டதும் சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வேறொன்று வந்தது.

"ரிமோட்டுல பேட்டரி தீந்துருச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க" என்றேன்.

அப்பா சன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையைப் பிடித்து ஆட்டினார். "சனிக்கெழம சாயங்காலம் வந்துருவேன்டா" என்றார்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று பள்ளி திறந்தது. அம்மா வருவதற்கு முன்பே வந்துவிட்டேன். சன்னல் வழியாக வெயில் விழுந்தது. சுவர் லேசான மஞ்சளாக, கையில் ஊற்றின மோர் மாதிரி இருந்தது. விளக்கு போட்டபின் அதே சுவர் கொஞ்சம் பச்சையோடு குளிர்ந்துபோய் நிற்கும். அதுவும் எனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் 'எல்லோருக்கும் ஒரே முகம்' என்று எழுதியது நான்தான். அப்பாவிடம் 'எல்லாமே வெள்ளைதான்' என்று சொன்னதும் நான்தான். ஐந்து பட்டைகளையும் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டே எது எங்கே இருந்தது, எந்த வேளையில் எப்படி மாறியது என்று சொல்வேன். ஒன்றாகத் தெரிந்திருந்தால் நம்பரை மாற்றியிருப்பேனா என்ன?

வேடிக்கைக்காகத்தான் மாற்றினேன் என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அதை அழித்துவிடலாம் என்று பார்த்தால் பேனாவில் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

டிவி பார்க்கவில்லை. ரிமோட் அப்பா உட்காரும் பக்கத்துக் கைப்பிடியிலேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. நான்கூட எடுக்கவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.